பதினெட்டு இடது செருப்புகள்

ஜூன் 14

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு அக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல். "செருப்பு அனுப்பு" என்று எழுதிவிட்டு, அதற்கு மேலே சின்னதாக "இடது" என்று சேர்த்திருந்தாய். ஏப்ரலில்தான் விடுதியில் சேர்ந்தாய். அதற்குள் மூன்று இடது தொலைந்துவிட்டதாம். மதரஸாவில் சேர்ந்ததும் உன் வலது கால் மட்டும் ஒழுங்காகிவிட்டதா?

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாமாவுக்குக் கோபம்தான் குறையவில்லை. காரணம் நான். அவருடைய செருப்புப் பட்டறையில் ரப்பர் ஷீட் வெட்டும் வேலையை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார். ஷீட்டின் மேல் அச்சை வைத்து வெட்டினால் இடது. அதையே கவிழ்த்து வைத்து வெட்டினால் வலது. வேறு வித்தை ஒன்றும் கிடையாது. போன செவ்வாய்க்கிழமை உன்னை நினைத்துக்கொண்டே வெட்டினேனா, அச்சைக் கவிழ்க்க மறந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பதினெட்டும் இடது. எல்லாம் எண் மூன்று.

மாமா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, மனுஷனுக்கு ரெண்டு காலு. ஒண்ணு இடது, ஒண்ணு வலது. உனக்கு யாராவது வேற மாதிரி சொல்லிட்டாங்களா?" என்றார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். "வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்!" என்றார். அதற்கும் தரையைத்தான் பார்த்தேன்.

அந்தப் பதினெட்டில் ஒன்றுக்கு வார் மாட்டி அனுப்புகிறேன். தொலைந்த மூன்றும் எங்கே போயின என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு. தொழுதுவிட்டுக் கேட்கும் துஆவில் எங்களை மறக்காதே.

அக்கா

*

ஜூன் 25

பாசமும் மரியாதையும் மிக்க அக்கா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலமாக இருக்கிறேன். மிகவும் நலமாக இருக்கிறேன். தாங்கள் அனுப்பிய செருப்பு கிடைத்தது. பழைய செருப்புகள் காற்றில் பறந்துவிட்டன. இங்கே காற்று நன்றாக வீசுகிறது.

எங்கள் அறைத் தலைவி கடைசி வகுப்பு படிக்கிறார். மிகவும் அன்பானவர். எங்கள் கடிதங்களை அவர்தான் வாங்கிக்கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுப்பார். எங்களுக்கு வரும் கடிதங்களையும் அவர்தான் பிரித்துத் தருவார். நாங்கள் தவறாக ஏதும் எழுதிவிடக் கூடாது என்று ஒரு வரி விடாமல் படித்தும் பார்ப்பார்.

ஓதலில் எங்கள் ஆசிரியை ஆலிமா அம்மா என்னைப் பாராட்டினார். எல்லோரும் நலம். காற்றும் நலம்.

தங்கள் தங்கை

குறிப்பு: கையெழுத்து மோசம். "மிகவும் அன்பானவர்" என்பதை அடிக்கோடிட்டது நான்.
- அறைத் தலைவி

*

ஜூலை 2

தங்கைக்கும், இதைப் பிரித்துப் படிக்கும் அறைத் தலைவி அவர்களுக்கும் என் ஸலாம்.

இத்தனை வருடத்தில் நீ என்னை "அவர்கள்" என்று சொன்னதே இல்லை. கடிதம் எனக்குத்தானா என்று உறையை இரண்டு முறை பார்த்தேன். அம்மா உருகிப்போனாள். "பாரு, ரெண்டே மாசத்துல என்ன மரியாதை!" என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

உங்கள் காற்றைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். "இடதை மட்டும் தூக்கிட்டுப் போற காத்தா? நம்ம தொழிலுக்கு ரொம்ப நல்ல காத்தா இருக்கே" என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அம்மா உன்னைப் பார்க்க வருகிறாளே, இந்த முறை பிய்ந்த செருப்பு ஏதாவது இருந்தால் கொடுத்து அனுப்பு. சரி செய்து தருகிறேன். நம் பட்டறைச் செருப்பில் மேல் ஷீட், அடி ஷீட் என்று இரண்டு உண்டு. குதிகால் பக்கம் லேசாக நெம்பினால் திறந்துகொள்ளும். சின்ன வயதில் மிட்டாய்க் காகிதங்களை நான் எங்கே ஒளித்து வைப்பேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

முழங்கால் பூரண சுகம். மாமாவின் கோபம் முக்கால்வாசி சுகம்.

அக்கா

*

ஜூலை 9, செருப்புக்குள்

அக்கா, இடம் இல்லை. ஸலாமை மனதில் சொல்லிவிட்டேன்.

காற்று இல்லை. பெரிய வகுப்பு அக்காமார்தான். நாங்கள் தொழுதுவிட்டு வெளியே வருவதற்குள் எங்கள் இடது செருப்பை எடுத்து ஒளித்துவிடுவார்கள். முற்றத்துக் கல் வெயிலில் கொதிக்கும். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டேதான் அறைக்குப் போக வேண்டும். அதற்குத் தவளைப் பயிற்சி என்று பெயர். நாங்கள் பதினான்கு பேர் புதுசு. எங்களுக்குத் தவளைப் படை என்று பட்டம். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது என்ற பாடத்தைப் போன மாதம்தான் ஒப்பித்தோம். தப்பு திருத்தியது தலைவி.

யாராவது புகார் சொன்னால் ஒரு வாரம் அவளோடு ஒருத்தரும் பேசக் கூடாது. போன மாதம் அது எனக்கு. ஒரு வாரம் சுவரோடு பேசினேன். சுவர் பரவாயில்லை, நடுவில் குறுக்கிடாது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? அம்மா வந்தாலே தலைவி ஓடி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை! நீயும் இவள மாதிரி வரணும்" என்று அம்மா என்னிடமே சொன்னாள். அதோடு, தெரிந்தால் அம்மா உடனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு ஓதல் பிடித்திருக்கிறது. ஐந்து வருடம் முடித்து ஆலிமா ஆக வேண்டும். நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டும். அவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

பென்சில் தீர்ந்த

*

ஜூலை 23, அம்மா கையில்

தங்கைக்கும் தலைவி அவர்களுக்கும் ஸலாம். அனைவரும் சுகம். பட்டறையில் வீணாகப்போன ஒற்றைச் செருப்புகள் பதினான்கை மாமா அன்பளிப்பாக அனுப்புகிறார். அடுப்பெரிக்கவும் உதவாதாம், நாறுமாம். விளையாட வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாள், செருப்புக்குள்

வாயாடி, ஆளுக்கு ஒன்று. எல்லோரும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்ததும், நீங்கள் இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நடங்கள். குதிக்காத தவளையை எத்தனை நாள் வேடிக்கை பார்ப்பார்கள்? அளவு எல்லாம் எண் மூன்று. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு விரல் வெளியே எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளச் சொல்.

பதினான்குக்கும் வார் மாட்டியது மாமா. எதற்கு என்று கேட்டார். என் வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினேன். அதிர்ச்சியில் பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்.

*

ஆகஸ்ட் 6, செருப்புக்குள்

அக்கா!!! (இந்தத் தடவை காகிதம் பெரிது. ஸலாம், ஸலாம், ஸலாம்.)

பொட்டலத்தைத் தலைவி பிரித்துப் பார்த்தாள். "என்னடி இது, உங்க மாமா ஒத்தக்கால் ஆளுங்களுக்குத்தான் வியாபாரம் பண்றாரா?" என்று சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் தொழுகை முடிந்து வந்தோம். பதினான்கு இடதும் காணோம். தூணுக்குப் பின்னால் பெரிய அக்காமார் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் பையிலிருந்து பதினான்கு இடதை எடுத்தோம். மாட்டினோம். வரிசையாக நடந்தோம். தலைவியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா! வாங்கின மாம்பழம் முழுக்க வண்டு என்றால் வருமே, அந்த முகம். அப்புறம் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஆறு நாள் இப்படியே ஜெயித்தோம்.

ஏழாம் நாள் வலதை எடுத்துவிட்டார்கள்.

வலதுக்கு வலது கிடையாதே. என்ன செய்வது? இரண்டு காலிலும் இடதைப் போட்டுக்கொண்டு நடந்தோம். பதினான்கு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம் அக்கா. நேராகத்தான் கிளம்பினோம், போய்ச் சேர்ந்தது சமையல்கட்டு. சமையல்காரம்மா, "இன்னும் நேரம் ஆகல, போங்க" என்று விரட்டிவிட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இதெல்லாம் யார் யோசனை என்று தலைவி கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் தடவை ஒரு மாதம். தவளைப் படையில்கூட யாரும் என்னோடு பேசக் கூடாதாம். பேசினால் அவர்களுக்கும் ஒரு மாதம். என் பக்கத்துப் பாயில் படுக்கிறவள் நேற்று என்னைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

ஆகஸ்ட் 15

அக்காவுக்கு ஸலாம். எனக்கு வயிற்றுவலி. தினமும் காலையில் வருகிறது. அம்மாவிடம் சொல்லி என்னை வீட்டுக்கு அழைத்துக்கொள். நானும் பட்டறையில் உன்னோடு பசை தடவுகிறேன். படிப்பு வேண்டாம்.

தங்கை

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

அந்த வயிற்றுவலி எனக்குத் தெரியும். காலையில் ஏழு மணிக்கு வரும். பள்ளிக்கூட மணி அடித்து முடிந்ததும் போய்விடும். விடுமுறை நாளில் வராது. எட்டாம் வகுப்பில் எனக்கு அது நாற்பத்தொரு நாள் இருந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து இனிப்பாக இருந்தது. நீ திருட்டுத்தனமாக அதில் பாதியைக் குடித்தாய், நினைவிருக்கிறதா?

வகுப்பில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். நான் பேச மாட்டேன் என்பதால் முதலில் ஒருத்தி வைத்தாள். பிறகு எல்லோரும். நான் எழுந்து பாடம் வாசித்தால் பின் வரிசையில் கோட்டான் மாதிரிக் கத்துவார்கள். என் பென்சில் டப்பாவைத் தினமும் ஒரு ஜன்னலில் கண்டுபிடிப்பேன். டீச்சரிடம் சொல்ல எழுந்து நிற்பேன். வாய் வராது, உட்கார்ந்துவிடுவேன். வயிற்றுவலி என்றால் மட்டும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. படிப்பு நின்றது. வலியும் நின்றது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் அந்தப் பிள்ளைகள் பட்டறைக்குச் செருப்பு வாங்க வருகிறார்கள். வந்தால் ஷீட் சுருளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். மாமா நான் உள்ளே எண்ணிக்கை பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார். நாலு சுருளை எத்தனை தடவைதான் எண்ணுவது!

நீ பட்டறைக்கு வரலாம். பசை இருக்கிறது. ஆனால் அந்தச் சுருளுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு இடம் இல்லை.

இதை நான் செருப்புக்குள் எழுதவில்லை. தலைவி அவர்களே, நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் தபாலில் அனுப்புகிறேன். என் தங்கை கெட்டிக்காரி, அம்மாவிடம்கூட உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீங்கள் புதிதாக வந்தபோது எந்தக் கால் செருப்பு காணாமல் போனது?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இருவரும்.

அக்கா

*

ஆகஸ்ட் 27

வஅலைக்குமுஸ்ஸலாம்.

வலது.

இரண்டு வருடம். நான் யாருக்கும் எழுதவில்லை, செருப்புக்குள்ளும் எழுதவில்லை. அந்த யோசனை வரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம். கடிதம் படிப்பதும் அப்படித்தான். அது விடுதிச் சட்டம் இல்லை, முதல்வர் அம்மாவுக்குத் தெரியாது. உன் கடிதத்தை உன் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று முறை படித்தாள். நான் நான்கு முறை.

நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதே. என்னால் முடியாது. செப்டம்பர் 6, ஞாயிறு, பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். அவ்வளவு தைரியம் இருந்தால் நீயே வந்து சொல்.

உன் கையெழுத்து உன் தங்கையுடையதைவிட மோசம்.

- அறைத் தலைவி

எனக்கும் வலது வார் பிய்ந்திருக்கிறது. எண் ஏழு.

*

செப்டம்பர் 12

அக்கா! ஸலாம்! நீ எப்படி இருக்கிறாய்? அம்மா, மாமா, முழங்கால் எல்லோரும் சுகமா? இந்தக் கடிதத்தை நானே ஒட்டி நானே பெட்டியில் போடுகிறேன். உறையை ஒட்டும் சுகமே தனி. இரண்டு தடவை ஒட்டினேன்.

கூட்டத்தில் தண்ணீர் கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். அம்மா, மாமா பின்னால் நீ வாசலில் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாய். அது எந்த நடை என்று எனக்குத் தெரியாதா? குதிகால் வேறு பாதி வெளியே. உன்னையே பார்த்துக்கொண்டு தண்ணீரை மாமா மடியில் ஊற்றிவிட்டேன்.

நீ திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாய். ஓடிவிடுவாய் என்றே நினைத்தேன். முதல்வர் அம்மா, "அங்க சாஞ்சு நிக்கிற பொண்ணு, கால்ல என்னம்மா அடி?" என்று கேட்டார். நீ ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா எழுந்து, "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தார். நீ அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

"அடி இல்லீங்க. ரெண்டும் இடது" என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள். முதல்வர் அம்மாவும்தான். "ஏம்மா அப்படிப் போட்டுட்டு வந்தே?"

"இங்க புதுசா வந்த பதினாலு பேரும் இப்படித்தாங்க நடக்கிறாங்க. வந்தப்ப அவங்களுக்கு ரெண்டு காலும் சரியாத்தான் இருந்துச்சு."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு நாற்காலி கீச்சென்றது. பார்த்தால் தலைவி எழுந்து நிற்கிறாள். யாரும் கூப்பிடவில்லை அக்கா. அவளே, "தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கு. நாங்கதான் எடுத்தோம். எனக்கும் எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே அழுதாள். அம்மாதான் போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நீங்கள் கிளம்பிய பிறகு தொட்டிக்குப் பின்னால் கிண்டினார்கள். அறுபத்தொரு செருப்பு! நாலைந்து வருடத்துப் பழசெல்லாம் இருந்தது. ஒன்றை முதல்வர் அம்மா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருடம் தொலைந்த அவருடைய செருப்பு.

இப்போது தொழுகைக்கூட வாசலில் எண் போட்ட அலமாரி. தபால் பெட்டிக்குச் சாவி முதல்வர் அம்மாவிடம் மட்டும். வாரத்துக்கு ஒரு நாள் புதுப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து அவரே விசாரிக்கிறார். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் ஒரு பெரிய அக்கா பொறுப்பு. இவள் செருப்பு தொலைந்தால் அந்த அக்கா தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். என் பொறுப்பு யார் தெரியுமா? தலைவிதான்! தலைவிப் பதவி போய்விட்டது. இருந்தாலும் என் செருப்பைத் தொழுகை முடியும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பதில்லை. நாங்கள் இன்னும் தோழிகள் ஆகவில்லை. ஆனால் நான் பேசினால் நடுவில் குறுக்கிடுகிறாள். சுவரைவிட இது நன்றாக இருக்கிறது.

வயிற்றுவலி போய்விட்டது. பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்ல வெட்கப்பட்டு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்குகிறவள் நீ. அத்தனை பேர் முன்னால் எப்படி அக்கா பேசினாய்?

உன் தங்கை

*

செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். மாமாவின் மடி காய்ந்துவிட்டது. கடைசியில் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓது, வேளைக்குச் சாப்பிடு, தலைவிக்கு என் ஸலாம் சொல். எண் ஏழு வலது, புது வாரோடு, இத்துடன் இருக்கிறது.

எப்படிப் பேசினாய் என்று கேட்டாய். எனக்கு ஆரம்பிக்க வராது. யாராவது கேட்டால் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர்களே கேட்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். மூன்று இடது மிச்சம் இருந்தது, இரண்டை மாட்டிக்கொண்டேன். மாமா வழி முழுக்க, "நேரா நட, நேரா நட" என்று வந்தார். கேள்வி வந்ததும் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தேழு வரை எண்ணினேன். அதற்குள் மாமா எழுந்துவிட்டார். அவர் சொன்னால் கதை மதியம் வரை போகும் என்ற பயத்தில்தான் என் வாய் திறந்தது.

மூன்றாவது இடதை மாமா பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். அதனால் கதவு இப்போது சாத்திக்கொள்வதே இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் உள்ளே நான் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

முந்தாநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான்கு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள், எனக்குப் பெயர் வைத்தாளே, அவள். மாமா உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். ஷீட் சுருள் என் இடது பக்கம் இரண்டடியில் இருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள்.

எனக்கு வயிற்றில் வலித்தது. ஏழு மணி வலி. இருபத்தேழு வரை எண்ண நேரம் இல்லை.

எழுந்து வாசலுக்குப் போய், "எந்த எண்?" என்று கேட்டேன்.